எழும்பூர் வரை போகணுமா, தாம்பரத்திலேயே மாறணுமா?

கடலூர், புதுச்சேரி வாசகர்களின் ரயில் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி சென்னை விமான நிலையம் போகவேண்டும். எழும்பூரில் இறங்கி மெட்ரோ பிடிக்கச் சொல்கிறார்கள். அதுதான் வழியா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: விமான நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டு மறுபடி திரும்பி வருகிற வேலை அது. தாம்பரத்தில் இறங்கிவிடுங்கள். அங்கே சென்னை கடற்கரை நிலையம் போகும் லோக்கலில் (புறநகர் ரயிலில்) ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், நான்காவதாகத் திரிசூலம். வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. சாலை, எதிர்ப்பக்கம் விமான நிலையம். பெட்டியை இழுத்துக்கொண்டு சாலையைக் கடக்கவேண்டாம், சுரங்கப்பாதை இருக்கிறது.

தவறு நடக்கிற இடங்கள் மூன்று. ஃபாஸ்ட் லோக்கல் எல்லா நிலையத்திலும் நிற்காது; ஏறுமுன் "திரிசூலத்தில் நிற்குமா?" என்று கேட்டுவிடுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து ஏ.சி. லோக்கலும் ஓடுகிறது. அதற்குத் தனிக் கட்டணம், குறைந்தது 35 ரூபாய். சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறினால் அபராதம்தான். மூன்றாவது, லோக்கல் ஒரு நிலையத்தில் அரை நிமிடம் நின்றாலே பெரிது. பல்லாவரம் தாண்டியதும் பெட்டியோடு வாசலுக்கு வந்துவிடவேண்டும். காலை 8 மணியிலிருந்து 10 வரை கடற்கரைப் பக்கம் போகும் வண்டிகளில் அதுவே பெரும்பாடு. லோக்கலில் கழிப்பறை கிடையாது, குழந்தைகளோடு போகிறவர்கள் எக்ஸ்பிரஸிலேயே அந்த வேலையை முடித்துக்கொள்ளட்டும்.

வேளச்சேரி போகிறவர்களுக்கும் தாம்பரம்தான் வசதி. கிழக்குத் தாம்பரம் பக்கம் வெளியேறிப் பேருந்து பிடிக்கலாம்.

கேள்வி: புதுச்சேரியிலிருந்து கிண்டிக்கு முன்பதிவு இல்லாமல் போகிறோம். தாம்பரம் வரை ஒன்று, அங்கிருந்து லோக்கலுக்கு ஒன்று என இரண்டு டிக்கெட் வாங்கவேண்டுமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: வேண்டாம். கவுன்ட்டரில் "கிண்டி, எக்ஸ்பிரஸ்" என்று கேட்டு ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். விழுப்புரத்திலும் தாம்பரத்திலும் வண்டி மாறினாலும் அது செல்லும். எக்ஸ்பிரஸ் டிக்கெட்டில் பாசஞ்சரிலும் சாதாரண லோக்கலிலும் போகலாம். பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறினால்தான் தகராறு. சோழன் எக்ஸ்பிரஸ் மாதிரி சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்றால் முன்பதிவில்லாப் பெட்டிக்கும் கூடுதலாக 15 ரூபாய் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே அதைச் சொல்லிவிடவேண்டும்.

டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் கிலோமீட்டரைப் பாருங்கள். 199 வரை என்றால், வாங்கிய 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கவேண்டும். அதற்குள் வண்டியே இல்லையென்றால் அடுத்துக் கிளம்பும் முதல் வண்டியில். காலை வண்டிக்கு முந்தின ராத்திரியே வாங்கி வைப்பதெல்லாம் 200-ஓ அதற்கு மேலோ இருந்தால் மட்டுமே. கைபேசியில் எடுப்பவர்கள் நிலையத்துக்கு வருமுன்பே எடுத்துவிடுங்கள். நடைமேடைக்கு வந்தபின் செயலி மறுத்துவிடும். அப்போது சுவரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்வது ஒன்றே வழி.

எழும்பூர் வரை முன்பதிவு செய்தவர்கள் கதை வேறு. அந்த டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கானது. தாம்பரத்தில் இறங்கினால் லோக்கலுக்குத் தனியாக வாங்கிவிடுவதே வம்பில்லாதது. கடற்கரை வரைக்குமே 10 ரூபாய்தான். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணம் போக, குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

கேள்வி: புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் பேருந்து சீக்கிரம் போகிறது, ரயில் ஏன் இழுக்கிறது?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: பேருந்து கடற்கரையோரமாக நேர் வடக்கே போகிறது. ரயில் முதலில் மேற்கே, கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர் விழுப்புரத்துக்குப் போய், அங்கிருந்துதான் சென்னைக்குத் திரும்பவேண்டும். 1879-இல் போட்ட கிளைப்பாதை அது. இன்றைக்கும் புதுச்சேரிக்கு வேறு ரயில் வழி இல்லை. பக்கத்துக் கடலூருக்கே ரயிலில் போக விழுப்புரம் சுற்றவேண்டும். பாகூர்ப் பக்கத்துக்காரர்கள் பேருந்தில் திருப்பாதிரிப்புலியூர் வந்து ஏறுவது புத்திசாலித்தனம்.

விழுப்புரத்தில் வண்டி மாறுவதாக இருந்தால் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். தனித்தனி டிக்கெட்டில் வருகிறவருக்காக எந்த வண்டியும் காத்திருக்காது.

கேள்வி: கடலூரிலிருந்து தாம்பரத்துக்கு மாத சீசன் டிக்கெட் கிடைக்குமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கிடைக்காது. சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைதான். கடலூரிலிருந்து தாம்பரம் அதைத் தாண்டிவிடும். விழுப்புரத்திலிருந்து தாம்பரம் வரை வாங்கலாம். ஆனால் முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது.

கேள்வி: நெய்வேலிக்கு ரயில் எங்கே ஏறுவது?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: நெய்வேலி இருப்பது விருத்தாசலம் பாதையில். அது பிரிவது முதுநகரில் உள்ள கடலூர் துறைமுகம் சந்திப்பில், அங்கே ஏறுங்கள். குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாகப் போகும்.

கேள்வி: எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் வடநாட்டு வண்டி பிடிக்கவேண்டும். ஆட்டோதானா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: மெட்ரோவில் ஒரே நிலையம். சுமை அதிகமென்றால் அதுவே மேல். லோக்கலிலும் ஒரே நிலையம்தான், பூங்கா நிலையம். ஆனால் எழும்பூரில் லோக்கல் நடைமேடைகள் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இருப்பதால் நடைமேம்பாலம் ஏறவேண்டும். பூங்காவில் இறங்கிச் சென்ட்ரலுக்குச் சாலையையும் கடந்தாகவேண்டும்.