நத்தம் கணவாயைப் படம் எடுக்கும் பெண்ணை எதில் சேர்ப்பது?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் மகளோடு வந்திருந்தார். பாத்திரக்கடை வைத்திருப்பவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். சென்னையில் இருக்கும் தாய்மாமா ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்துவிட்டார். முன்பணம் கட்டுவதுதான் பாக்கி. பிள்ளையோ விடுமுறை விட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு நத்தம் மலையடிவாரத்துக்கும் காளையார்கோவிலுக்கும் போய்விடுகிறாள். "பழைய சண்டை நடந்த இடமாப் பார்த்துப் போட்டோ எடுக்குது சார். அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் பொட்டல். இது எங்க கொண்டுபோய் விடும்?" என்று கேட்டார். அவருக்கு நேரில் சொன்னதையும் நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அண்ணே, உங்கள் கவலையில் தப்பில்லை. பெண் பிள்ளையைப் பெற்றவர், கடை வருமானத்தை மட்டும் நம்பியிருப்பவர், கவலைப்படத்தான் செய்வீர்கள். ஆனால் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் மச்சினர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். நான்கு வருடக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கட்டப்போவது அவர் இல்லை, உங்கள் கடை. "உனக்குக் கோடிங் பிடிக்குமா?" என்று உங்கள் முன்னால்தான் கேட்டேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. நத்தம் படங்களைக் காட்டச் சொன்னதும் முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசியது. இதற்கு மேல் திறனறித் தேர்வு எதுவும் வேண்டாம்.

அந்தப் படங்களில் நான் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். 1755-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரோனின் படை தெற்கே வரி வசூலித்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பும்போது, நத்தம் கணவாயில் கள்ளர் சமூகத்தினர் மறைந்திருந்து தாக்கினார்கள். இன்றைக்கு அங்கே போனால் சாலையும் புதரும் மலையும்தான். உங்கள் மகள் இரண்டு படம் எடுத்திருக்கிறாள். ஒன்று பாதையிலேயே, ஆள் உயரத்திலிருந்து. இரண்டு பக்கச் சரிவும் நெருக்கிக்கொண்டு வருகின்றன, வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மற்றது சரிவின் மேலிருந்து, இலைகளுக்கு நடுவே கீழே பாதையைப் பார்ப்பது. வந்தவனுக்கு எது தெரியவில்லை, காத்திருந்தவனுக்கு எது தெரிந்தது என்று யோசித்து நின்ற இடங்கள் அவை. 18-55 லென்ஸை அகலமாகக் காட்டும் 18-ல் வைத்து எடுத்தால் மலை சின்னக் கரடாகச் சுருங்கிவிடும் என்று தானாகவே கண்டுபிடித்து, பின்னால் நகர்ந்து, தூரத்தை நெருக்கிக் காட்டும் 55-ல் எடுத்திருக்கிறாள். அந்தப் படத்தில் மலை மேலே வந்து விழுவது போல நிற்கிறது. யாரும் சொல்லித்தராமல் இது வருவது அபூர்வம்.

குறையும் இருக்கிறது, அதையும் அவளிடம் சொன்னேன். எடிட்டிங்கில் வானத்தையெல்லாம் ரத்தச் சிவப்பாக்கி வைத்திருக்கிறாள். ஒரு படத்தில் வேறெங்கோ எடுத்த மேகத்தையே ஒட்டியிருக்கிறாள். இது இன்று வந்த பழக்கமில்லை. 1858-ல் மதுரையைப் படம் பிடித்த லின்னேயஸ் ட்ரைப் நெகட்டிவில் கையால் மேகம் வரைந்தவர். அந்தக் காலத்து வேதிப்பொருளில் வானம் வெறும் வெள்ளையாக விழும், அவருக்கு வேறு வழியில்லை. கிரிமியப் போரின்போது 1855-ல் ரோஜர் ஃபென்டன் ஒரே பள்ளத்தாக்கை இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் பாதையில் கிடக்கின்றன, மற்றதில் பாதை காலி. குண்டுகளை யார், எதற்காகப் பாதையில் போட்டார்கள் என்ற வாதம் இன்றுவரை ஓடுகிறது. போர்க்களப் படத்தை நம்பித்தான் பார்ப்பவர் வரலாற்றையே பார்க்கிறார். அதனால் இங்கே கைவைப்பதற்கு எல்லை உண்டு. சாய்ந்த அடிவானத்தை நேராக்கலாம், லென்ஸ் வளைவைத் திருத்தலாம், நிழலில் முங்கிய பகுதியைக் கொஞ்சம் தூக்கலாம், வெளிறிய வானத்தை அது இருந்த அளவுக்குக் கீழே இறக்கலாம். இல்லாத மேகத்தையும் புகையையும் வைக்கக் கூடாது.

இந்த எல்லையைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கிறது. அது நம் ஊரில் யார் கண்ணிலும் படுவதில்லை: வரலாற்றிடங்களை ஆவணப்படுத்தும் ஒளிப்படம். கல்யாண போட்டோவும் சினிமா கேமராவும் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தொல்லியல் அகழாய்வு, கோட்டை, கல்வெட்டு, அருங்காட்சியகம் என்று எந்தப் பக்கம் போனாலும் முறையாகப் படமெடுக்கத் தெரிந்தவரும், எடுப்பது என்னவென்று புரிந்தவரும் ஒரே ஆளாகக் கிடைப்பது கஷ்டம்.

பாஞ்சாலங்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799-ல் ஒரு சண்டை, 1801-ல் இன்னொன்று. அதன் பிறகு கோட்டையையே கம்பெனிக்காரர்கள் தரைமட்டமாக்கினார்கள். இன்று எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. அதை எடுத்துக் கீழே 'கட்டபொம்மன் கோட்டை' என்று மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். உண்மையான அடித்தளம் பக்கத்தில் தாழ்ந்த மேடுகளாகக் கிடக்கிறது. உச்சி வெயிலில் போனால் அது கண்ணுக்கே படாது. சூரியன் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்றால், ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் நீண்டு கோட்டையின் வடிவம் தரையில் தெரிய ஆரம்பிக்கும். முக்காலி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 8 முதல் 11 வரை, ரா ஃபைல் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் மூல ஃபைல்). அவ்வளவுதான் தேவை.

காளையார்கோவில் வேறு மாதிரிச் சிக்கல். 1801-ல் சிறுவயலிலிருந்து அங்கே போகக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்று, முடியாமல் கம்பெனிப் படை பின்வாங்கியது. அப்படிப்பட்ட காடு இன்றைக்கு அங்கே இல்லை. கண்ணில் படும் முள்ளில் பெரும்பகுதி சீமைக்கருவேலம். அந்தச் செடி அந்தப் போர்க்காலத்தில் இந்த மண்ணிலேயே கிடையாது. அதைப் படத்தின் முன்னால் அடர்த்தியாக நிறுத்தி 'மருதிருவரின் காடு' என்று சொல்லிவிடக் கூடாது. இதையெல்லாம் அறிந்து எந்தச் செடியைப் படத்தின் சட்டகத்துக்குள் விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று முடிவெடுக்கிறவரைத்தான் இந்த வேலைக்கு ஆள் என்பேன். இதற்கு வரலாறு படிக்க வேண்டும். கேமராவை மட்டும் படித்தால் போதாது.

அதனால் நான் சொல்லும் படிப்பு பி.ஏ. வரலாறு. மதுரையிலேயே. ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி, அமெரிக்கன் கல்லூரி இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். உதவி பெறும் கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவையே கேளுங்கள், சுயநிதிப் பிரிவு வேண்டாம். பிள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றீர்கள். அப்படியானால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பிறகு எம்.ஏ. அதை முடித்தவர்களுக்கு மாநிலத் தொல்லியல் துறை கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் ஈராண்டு முதுநிலைப் பட்டயப்படிப்பு நடத்துகிறது, உதவித்தொகையோடு. மத்தியத் தொல்லியல் துறைக்கும் கிரேட்டர் நொய்டாவில் இதே போல ஒன்று உண்டு. தொல்லியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைக்கிறது.

மொத்தம் ஏழு வருடம். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். அரசுப் பணியிடங்களும் குறைவு. ஆனால் இந்த ஏழு வருடத்தில் உங்கள் கடையை அடகு வைக்கத் தேவையில்லை. பி.ஏ. முடிந்ததுமே மற்ற போட்டித் தேர்வுகளின் கதவும் திறந்திருக்கும். கையில் படத்தொகுப்பு ஒன்று இருந்தால் பதிப்பகம், அருங்காட்சியகம், ஆய்வாளர்கள் என்று படிக்கும்போதே சின்னச் சின்ன வேலை தேடலாம். கீழடி உங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரம் இல்லை. 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துக்கு அவளைக் கூட்டிப்போங்கள். அகழாய்வுக் குழிப் படங்களில் அளவுகோலும் வடக்குக் குறியும் ஏன் வைக்கிறார்கள் என்று அவளே உங்களுக்குச் சொல்லுவாள். ஒரு சுவரைச் சுற்றிச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கு மேல் படியும்படி வரிசையாகப் படமெடுத்துக் கணினியில் முப்பரிமாண உருவமாக்கும் முறையை இப்போதே பழகச் சொல்லியிருக்கிறேன்.

இனி செலவு. இதில் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். லட்சக்கணக்கில் வாங்கும் தனியார் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பு வேண்டாம். பொறியியலை மறுத்துவிட்டு அதே கடனை இங்கே வாங்கினால் என்ன லாபம்? புதுக் கேமரா தவணையில் வேண்டாம், இருப்பதே போதும். ஒரு நல்ல முக்காலியும் படங்களை இரண்டு இடத்தில் சேமிக்க ஹார்ட் டிஸ்கும் வாங்கிக் கொடுங்கள். எடிட்டிங்குக்கு மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை. டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம். மூல ஃபைலைத் தொடாமல், செய்த திருத்தத்தைத் தனியாகக் குறித்து வைக்கும். இந்த வேலைக்கு அதுதான் முக்கியம். பல படங்களை ஒட்டி அகலப்படம் செய்ய ஹுகின் இருக்கிறது, அதுவும் இலவசம். ட்ரோன் கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். 250 கிராமுக்கு மேலானதைத் தொழிலுக்கு ஓட்டச் சான்றிதழ் வேண்டும், 18 வயதும் ஆகியிருக்க வேண்டும். நத்தம் படங்களின் பலமே தரையில் நின்று பார்த்ததுதான்.

தனியாகப் பொட்டல்காட்டுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது என்று அக்கா போனில் சொன்னார்கள். அனுப்ப வேண்டாம். தோழியோ தம்பியோ கூடப் போகட்டும். போகிற ஊரில் முதலில் டீக்கடையில் விவரம் சொல்லிவிட்டுப் போகட்டும், அங்கேதான் பாதி வரலாறும் கிடைக்கும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் முக்காலி வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தை அவளே எழுதிப் பழகட்டும்.

மச்சினரிடம் பேச உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். அந்த முன்பணத்துக்காகப் பிரிக்கவிருந்த வங்கி டெபாசிட்டைப் பிரிக்காமல் அப்படியே புதுப்பித்துவிடுங்கள். எம்.ஏ. சேரும் வருடம் அது தேவைப்படும்.