புத்தி சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. மகன் மலேசியாவில் வேலை செய்கிறான். வீட்டுக்கு வரும் சபையார் எல்லாரும் ‘அழக்கூடாது, விசுவாசத்தில் உறுதியாக இருங்கள்’ என்றே சொல்கிறார்கள். ஆறு ஞாயிறாக ஆலயத்துக்குப் போகவில்லை. சபை கூடிவருவதை விட்டுவிடக்கூடாது என்னும் எபிரெயர் 10:25-ஐக் காட்டிக் கண்டிக்கிறார்கள். நான் செய்வது பாவமா? – ஒரு சகோதரி, யாங்கோன்

பதில்: சகோதரி, அந்த வசனத்தையே முதலில் சரியாகப் பார்த்துவிடலாம். நம் பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) ‘ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்’ என்று இருக்கிறது. இன்றைய பேச்சில் புத்தி சொல்வதென்றால் குறை கண்டு திருத்துவது. ஆனால் அங்கே உள்ள கிரேக்கச் சொல் ‘பரகலேயோ’. பக்கத்தில் அழைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். அதே சொல்லை 1 தெசலோனிக்கேயர் 5:11-இல் ‘தேற்றி’ என்றும், 2 கொரிந்தியர் 7:6-இல் ‘ஆறுதல்’ என்றும் அதே திருப்புதல் தருகிறது. உங்களைக் கண்டிக்க எடுத்த வசனம், உங்களைத் தேற்றும்படி அவர்களுக்குச் சொன்ன வசனம்.

அந்தக் கொரிந்தியர் பகுதியைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். புறம்பே போராட்டம், உள்ளே பயம் என்று பவுல் எழுதுகிறார். தேவன் அவரை எப்படித் தேற்றினார்? உடன் ஊழியனான தீத்து வந்ததினாலே. தரிசனம் இல்லை, அற்புதம் இல்லை, ஓர் ஆள் வந்து சேர்ந்தான். தீர்க்கதரிசி எலியாவுக்கும் அப்படியே. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவனுக்கு முதலில் கிடைத்தவை தூக்கமும், தழலில் சுட்ட அடையும், தண்ணீரும். அதுவும் இரண்டு முறை. ‘இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள்’ என்ற செய்தியும் கூட நடக்க எலிசாவும் அதற்குப் பிறகுதான். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே அந்தக் கல்லறைக்குப் போகும்போது கண்ணீர் விட்டார். அழுகையை விசுவாசக் குறைவு என்பது வேதத்தில் இல்லாத போதனை.

இனிச் செய்ய வேண்டியது. சபையில் அதிகம் பேசாத, கேட்கத் தெரிந்த ஒரே ஒரு சகோதரியைத் தேர்ந்துகொள்ளுங்கள். ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். ‘வியாழக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் வந்து உட்காருங்கள், 13-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், விளக்கம் வேண்டாம்’ என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். ஆறே வசனமுள்ள சங்கீதம் அது; ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி அதில் நான்கு முறை வருகிறது. இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனபின் அவருடனே ஆலயத்துக்குப் போய் வாசலுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். காயப்படுத்தும் பேச்சு பெரும்பாலும் ஆலய வாசலருகே நிற்கும் பத்து நிமிஷத்தில்தான் வருகிறது. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்க வேண்டாம்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாய் திறந்தபின்தான் கெட்டது. இருபது நிமிஷம் இருந்தால் போதும். ‘ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்பது கேட்கும் பாரத்தை அவர்கள் தலையிலேயே வைத்துவிடுகிறது. ‘செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகிறேன், உங்களுக்கும் அரிசியும் எண்ணெயும் வாங்கி வருகிறேன்’ என்று சொல்லுங்கள். முதல் மாதம் வீடு நிறைய ஆள் இருக்கும். மூன்றாம் மாதம் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த மாதத்தைக் காலண்டரில் குறித்து வைத்துப் போங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் தொடங்கினோம். முதலில் பதினான்கு பேர் வந்தார்கள், இப்போது ஐந்து பேர். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது, வாயே திறப்பதில்லை. எங்கே தவறு? – ஒரு வாசகர், பெகு

பதில்: ஐயா, ஐந்து பேர் குறைவில்லை. ஐந்திலிருந்து பத்துப் பேர்தான் வீட்டுக் கூட்டத்துக்கு ஏற்ற அளவு; பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆட்கள் வராமல் நின்றுபோவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: நேரம் நீளுவது, சாப்பாடு பெருகுவது, சொன்னது வெளியே போவது.

நேரத்தை ஒன்றேகால் மணிக்குள் கட்டுங்கள். இரண்டு பாட்டு, ஒரு வேதபகுதி, அதைப் பற்றி அரை மணிப் பேச்சு, இருபது நிமிஷ ஜெபம். ஜெபத்தை மூன்று மூன்று பேராகப் பிரிந்து செய்யுங்கள். கூச்சமுள்ளவர் பத்துப் பேர் நடுவில் ஜெபிக்கமாட்டார், இருவர் நடுவில் ஜெபிப்பார். ஒருவரே பிரசங்கம் பண்ணத் தொடங்கினால், ‘இந்தப் பகுதியில் உங்களைத் தேற்றியது எது, புரியாதது எது’ என்ற இரண்டு கேள்வியை வட்டமாகக் கேட்டு வாருங்கள். கரண்ட் போகும் என்பதால் சார்ஜ் விளக்கு ஒன்றை முதலிலேயே வையுங்கள். இருட்டிப்போனால் வீடு திரும்புவது கஷ்டம் என்கிற இடத்தில் ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றுங்கள்.

தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஒரு வீட்டில் பிரியாணி போட்டால் அடுத்த வீட்டார் கடன் வாங்கியாவது போடுவார்கள், இல்லாதவர் ‘எங்கள் வீட்டில் வேண்டாம்’ என்று ஒதுங்கிவிடுவார். கூட்டத்தில் சீட்டுப் பிடிப்பது, கடன் கொடுத்து வாங்குவது இரண்டும் கூடாது. கடன் திருப்ப முடியாதவர் அடுத்த வாரம் ஜெபத்துக்கும் வரமாட்டார். ஒருவர் சொன்ன பாரத்தை அவர் அனுமதி இல்லாமல், ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும், வெளியே சொல்லக்கூடாது. ஒரு முறை இது மீறப்பட்டால் பிறகு எல்லாரும் ‘தலைவலி, பரீட்சை’ என்று மட்டும்தான் சொல்வார்கள்.

பிள்ளைகள் விஷயம்: வேதபகுதியை ஒரு முறை தமிழில் பெரியவர் வாசிக்கட்டும், ஒரு முறை பர்மிய மொழியில் பிள்ளை வாசிக்கட்டும். அமெரிக்க மிஷனரி ஜட்சன் செய்த பர்மியத் திருப்புதலின் நடை பழசு, பிள்ளைகளுக்கு எளிய திருப்புதலே நல்லது. அவர்கள் பர்மிய மொழியிலேயே பதில் சொல்லட்டும். நடுவில் தமிழைத் திருத்தாதீர்கள். தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பர்மிய ‘ர’ எழுத்தைப் பொதுவாக ‘ய’ என்று உச்சரிப்பதால் ‘ராஜா’ ‘யாஜா’ ஆகிவிடும், ‘ழ’வுக்கு எழுத்தே இல்லை. இவற்றை வாயால் சொல்லிக்கொடுங்கள். அப்படியே வாரம் ஐந்து தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: இந்த ஊரில் தமிழ் சபைக்குப் போக எங்களுக்கு வழியில்லை. பர்மிய பாப்டிஸ்ட் சபைக்குப் போகலாமா? இரண்டு மாதமாக நண்பர்களை அழைக்கிறேன், யாரும் வரவில்லை. – ஒரு வாசகர், மோல்மீன்

பதில்: தாராளமாகப் போகலாம், தம்பி. 1813-இல் ரங்கூனில் இறங்கிய ஜட்சன் தம்பதியினர் முதல் பர்மிய விசுவாசியான மவுங் நோவின் ஞானஸ்நானத்தைக் கண்டது 1819-இல், ஆறு வருஷம். பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பு 1834-இல் முடிந்ததும் உங்கள் ஊரில்தான். இரண்டு மாதத்துக்குள் சோர வேண்டாம். முழுக்கு ஞானஸ்நானம் பெறாதவர்களைப் பல பாப்டிஸ்ட் சபைகள் அங்கத்தினராகச் சேர்ப்பதில்லை. திருவிருந்து முறையும் வேறுபடலாம். அதனால் முதல் வாரமே போதகரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். தமிழ் வேதாகமத்தையும் கையோடு கொண்டு போங்கள். பிரசங்கத்தில் பிடிபடாத வசனத்தின் எண்ணைக் குறித்து, வீட்டுக்கு வந்து தமிழில் வாசியுங்கள்.