எண்ணூறு வெள்ளிக் கல்யாணம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பகுதி நேரமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். முதல் நாள் நலங்கு, மறுநாள் முகூர்த்தம், ஆல்பம் எல்லாம் சேர்த்து 800 வெள்ளி (ரிங்கிட்). அதையும் 'நம்ம தோட்டத்துப் பையன்தானே' என்று குறைக்கச் சொல்கிறார்கள். ஒரு வீட்டார் 300 கொடுத்துவிட்டு மீதி 500-ஐ மூன்று மாதமாக இழுக்கிறார்கள். படமெல்லாம் அவர்கள் ஃபேஸ்புக்கில் இருக்கிறது. கோயிலிலோ திருவிழாவுக்குச் சும்மா எடுத்துக்கொடு என்கிறார்கள். மனம் கோணாமல் எப்படிக் கேட்பது?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 800-ஐ உடைத்துப் பாருங்கள். ஆல்பம் அச்சுக்கு 280, பெட்ரோல் சாப்பாடு 50, இரண்டு பிரதி சேமிக்க ஹார்ட் டிஸ்க் செலவில் பங்கு 30 என்று வைப்போம். கேமரா தேய்மானத்தை யாரும் எழுதுவதில்லை. 6,000 வெள்ளிக் கேமராவின் ஷட்டர் 150,000 படம் தாங்கும் என்றால் படத்துக்கு 4 காசு. கல்யாணத்துக்கு 2,500 படம் எடுத்தால் 100 வெள்ளி. கையில் நிற்பது 340.

வேலை நேரம்? இரண்டு நாள் படப்பிடிப்பு 12 மணி, போக வர, பேட்டரி கார்டு தயார் செய்ய 3, படம் பொறுக்க 4, 500 படத்தைத் தலா 2 நிமிடத்தில் திருத்தினாலும் 17, ஆல்பம் அடுக்க 4. ஆக 40 மணி. மணிக்கு எட்டரை வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அதைவிட 22 காசு குறைவாக வாங்கத்தான் இவ்வளவு கூச்சப்படுகிறீர்கள்! மணிக்கு 20 வெள்ளி போட்டாலே, செலவு 460-ஐயும் சேர்த்து 1,260 கேட்க வேண்டும்.

பேரம் பேசினால் விலையைத் தொடாதீர்கள், வேலையைக் குறையுங்கள். "ஆல்பம் வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்ளலாம் அக்கா" என்றால் மனம் கோணாது.

பணத்தை மூன்று தவணையாக வாங்குங்கள்: தேதி உறுதி செய்ய 50 விழுக்காடு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் 40, ஆல்பம் கொடுக்கும்போது 10. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்கள் வருஷத்தில் கொஞ்சம்தான். ஒருவருக்கு ஒதுக்கிய நாள் கடைசி நேரத்தில் ரத்தானால் வேறு யாருக்கும் விற்க முடியாது. முன்பணம் திரும்பாது என்பதற்கு அதுதான் காரணம். அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் 500 எங்கே சிக்கியது என்று ஊகிக்க முடிகிறது. முழுக் கணக்கும் தீருமுன்னே வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பியிருப்பீர்கள். ஃபேஸ்புக்குக்கு அது போதும், பிறகு ஆல்பத்துக்கு யார் அவசரப்படுவார்கள்? இனி 15 படம் மட்டும், சிறிய அளவில் அனுப்புங்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் எடுக்கும் குடும்பங்களும் உண்டு. 30 நாளில் தேர்வு வராவிட்டால் மீதி உடனே செலுத்த வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் எழுத வேண்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, கூலிக்கு எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போகிறது. படம் எடுத்தவனுக்குத்தான் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமானால் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கோயில் காரியத்துக்கு மனமிருந்தால் இலவசமாகச் செய்யுங்கள், ஆனால் பில் கொடுங்கள்: கட்டணம் 600, நன்கொடை 600, பாக்கி 0. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அது வழக்கமாகிவிடும்.

பழைய பாக்கிக்கு இப்படி அனுப்புங்கள்: "அக்கா, மீதி 500 வெள்ளியை இந்த மாதம் 25-க்குள் அனுப்பிவிடுங்கள். வந்ததும் ஆல்பத்தை அச்சுக்குக் கொடுக்கிறேன்." மன்னிப்பு, விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். தேதி தாண்டினால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம்: 5,000 வெள்ளி வரை, வக்கீல் இல்லாமல், படிவம் 198-இல். வாட்ஸ்அப் உரையாடலையும் 300 வெள்ளி வந்த வங்கி ரசீதையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள்.