காணாக்கடிக்கு எது கேட்கும்? தோல் டாக்டரிடம் கேள்வி பதில்

கோயம்புத்தூர்ல தோல் டாக்டரா இருக்கேன். ஊருல காணாக்கடின்னு சொல்ற நாள்பட்ட தடிப்பு (அர்டிகேரியா) பத்தி இன்னைக்குச் சாயங்காலம் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், குவிஞ்சு கிடக்குது. எல்லாத்துக்கும் பதில் வராது. போட்டோ அனுப்பி "இது என்னங்க"ன்னு கேட்டவங்களுக்கு நிச்சயமா வராது, நேர்ல காட்டுங்க.

திருப்பூர், தையல் வேலை: மூணு மாசமா பொழுது சாய்ஞ்சா திட்டுத் திட்டா எந்திரிக்குதுங்க. காலையில பார்த்தா ஒண்ணுமில்லை. எங்க அமத்தா காணாக்கடின்னு வெத்தலையில மிளகு வச்சுக் குடுத்தாங்க. என்ன கடிச்சிருக்கும்?

எதுவும் கடிக்கலைங்க. தோலுக்குள்ள இருக்கிற மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின்ங்கற ரசாயனத்தைக் கொட்டுது. ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு அந்த இடம் வீங்குது, அரிக்குது. பலருக்கு உடம்போட எதிர்ப்புச் சக்தியே அந்தச் செல்களைத் தூண்டி விடுது. 6 வாரம் தாண்டினா நாள்பட்டதுன்னு பேரு. ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்களுக்குத்தான் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

இன்னைக்கு ஒரு காரியம் செய்யுங்க. புதுசா வந்த ஒரு தடிப்பைச் சுத்தி பேனாவுல கோடு போட்டு வையுங்க. நாளைக்கு இதே நேரம் கோடு இருக்கும், தடிப்பு இருக்காது. அப்படின்னா இந்த நோய்தான். கோட்டுக்குள்ளயே ரெண்டு நாள் நின்னு, அரிப்பை விட எரிச்சல் அதிகமா இருந்து, கன்னிப்போன மாதிரி கறுத்தா அது ரத்தக் குழாய் அழற்சியா இருக்கலாம். தோல்ல ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கணும்.

மருந்துன்னா தூக்கக் கலக்கம் தராத வகை ஆன்டிஹிஸ்டமின், அதாவது ஹிஸ்டமினைத் தடுக்கிற மாத்திரை: செட்ரிசின், லெவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் இந்த மாதிரி ஒண்ணு. டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிக்குங்க. அரிச்சா மட்டும் போடறது, இல்லைன்னா விடறதுன்னு இருக்காதீங்க. தினமும், தடிப்பு வர்றதுக்கு முன்னாடியே, மருந்து உடம்புல இருக்கணும்.

பல்லடம், விசைத்தறி: அவில் போட்டா நல்லாக் கேட்குது. ஆனா தறிகிட்ட நிக்கறப்ப கண்ணு சொக்குதுங்க.

அப்போ ஏங்க அதையே போடறீங்க? அவில், சிபிஎம் எல்லாம் பழைய தலைமுறை மருந்து, மூளைக்குள்ள போகும். ராத்திரி போட்டாலும் மந்தம் மறுநாள் வரைக்கும் நிக்கும். ஓடற தறிகிட்ட இந்த வம்பு வேண்டாம், மாத்திக்குங்க. செட்ரிசின்லயும் சிலருக்குத் தூக்கம் வரும். உங்க வேலைக்கு ஃபெக்ஸோஃபெனடின் இல்லைன்னா பிலாஸ்டின் தோது.

பெருந்துறை: மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை குடுத்தாங்க. அதுல சின்னதா ஒரு வெள்ளை மாத்திரை. போட்ட ரெண்டு மணி நேரத்துல ஒண்ணுமில்லாமப் போச்சு. ஆறு மாசமா அதுதான். நிறுத்தினா பொங்கிட்டு வருது.

இதைத்தான் பயந்துட்டே இருந்தேன். உறையில்லாம, பேரில்லாம வர்ற அந்த வெள்ளை மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டா இருக்கும். நோய் கட்டுக்கடங்காமப் போனா அதிகபட்சம் 10 நாள் வரைக்கும் நாங்களே குடுப்போம். மாசக்கணக்குல போட்டா சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு தேயும், கண்ணுல புரை விழும், மூஞ்சி உப்பும். ஆனா இன்னைக்கே தூக்கிப் போட்டுடாதீங்க. ஆறு மாசம் போட்டதைத் திடீர்னு நிறுத்தினா ஆபத்து, டாக்டர் பார்த்துப் படிப்படியாத்தான் குறைக்கணும். மிச்சமிருக்கிற மாத்திரையை அப்படியே கையில கொண்டு போங்க.

கோபி: லேப்ல அலர்ஜி டெஸ்ட்னு பெரிய பட்டியல் குடுத்தாங்க. பால், கோதுமை, கத்தரிக்காய், நிலக்கடலை எல்லாத்துக்கும் பிளஸ் போட்டிருக்கு. என்னதாங்க சாப்பிடறது?

எல்லாத்தையும் சாப்பிடுங்க. நாள்பட்ட தடிப்புக்குச் சாப்பாட்டு அலர்ஜி காரணமா இருக்கறது அபூர்வம். சாப்பாடுதான் காரணம்னா, அதைச் சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துக்குள்ள, ஒவ்வொரு தடவையும் வரும். அந்தப் பிளஸ் ரத்தத்துல ஒரு எதிர்ப்புப் பொருள் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், நோய்க்கு அதுதான் காரணம்னு சொல்லாது. ஆரம்பத்துல ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் அழற்சியைக் காட்டற இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி டெஸ்ட்டும் பார்த்தாப் போதும். தேவைப்பட்டா தைராய்டு எதிர்ப்புப் பொருளும், அலர்ஜியோட தொடர்புள்ள ஐஜிஇங்கற எதிர்ப்புப் பொருளோட மொத்த அளவும்.

காங்கேயம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் சம்சாரத்துக்கு ஒண்ணரை வருசமா இருந்தது. மாத்திரையை நிறுத்திட்டு, கத்தரிக்காய், கருவாடு, புளி எல்லாத்தையும் விலக்கி, அருகம்புல் சாறு குடுத்தோம். ரெண்டே மாசத்துல போச்சு. கண்ணால கண்டதை விடவா உங்க ஆராய்ச்சி?

போனதுல எனக்கும் சந்தோசம்தான் சார். எதனால போச்சுங்கறதுலதான் வழக்கு. இந்த நோய் தானா ஏறும், தானா இறங்கும். பெரும்பாலானவங்களுக்கு 5 வருசத்துக்குள்ள தானே விட்டுப் போயிடும். நாம எப்பச் சார் புது வைத்தியம் தேடுவோம்? உச்சத்துல அரிக்கறப்ப. அதுக்கப்புறம் வர்றது இறக்கம்தானே! அந்த நேரத்துல யார் கையில மருந்து வாங்கினோமோ அவங்களுக்குப் பேர்.

ஒமாலிசுமாப்னு ஒரு ஊசி. அதோட ஒரு பெரிய சோதனையில 12 வாரம் கழிச்சுப் பார்த்தப்ப, மருந்தில்லாத போலி ஊசி போட்டவங்கள்லயே 100-க்கு 9 பேருக்குத் தடிப்பும் அரிப்பும் சுத்தமா இல்லை. நிஜ ஊசி 300 மில்லிகிராம் போட்டவங்கள்ல 36 பேர். அந்த 9 பேரும் அருகம்புல் குடிச்சிருந்தா, அருகம்புல்லாலதான் போச்சுன்னு சத்தியம் பண்ணுவாங்க. 36-க்கும் 9-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைத்தான் நான் நம்பறேன்.

சித்தோடு: ஆசிரியர் ஐயா சொல்றதுதான் சரி. எங்க அப்புச்சி காலத்துல ஏதுங்க மாத்திரை?

உங்க அப்புச்சி காலத்துல மந்திரிச்சாங்க. மந்திரிச்சும் போச்சு, மந்திரிக்காமலும் போச்சு.

பொள்ளாச்சி: அப்படின்னா உங்க மாத்திரையும் தானா இறங்கினதுக்குத்தான் பேர் வாங்குது, இல்லைங்களா?

இன்னைக்கு வந்ததுல நல்ல கேள்வி இதுதான். வாங்கலாம். அதனாலதான் மாத்திரையையும் போலி மாத்திரையோட ஒப்பிட்டாங்க. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்போட 2014 தொகுப்பு 73 ஆய்வு, 9,759 பேரைச் சேர்த்துப் பார்த்தது. செட்ரிசின் 10 மில்லிகிராம் தினமும் போட்டா, போலி மாத்திரையை விட அதிகம் பேருக்குத் தடிப்பு முழுசா அடங்குது. ஆனா எல்லாத்தையும் மிஞ்சின மாத்திரைன்னு ஒண்ணைச் சொல்ல முடியலை. அளவைக் கூட்டினா கூடுதலாக் கேட்கும்ங்கறதுக்கு அதுல ஆதாரம் மெலிசு. இருந்தாலும் டாக்டர்களுக்கான வழிகாட்டு நெறிகள், அடங்கலைன்னா 4 மடங்கு வரைக்கும் கூட்டலாம்னு சொல்லுது. நானும் கூட்டறேன், பலருக்குக் கேட்குது. ஆனா ஆசிரியர்கிட்ட கேட்ட கேள்வியை என்கிட்டயும் கேட்டுக்கத்தான் வேணும்.

காங்கேயம் ஆசிரியர், மறுபடியும்: அப்போ பத்தியம் பொய்யா?

பொய்யின்னு நான் சொல்லலைங்க சார். நிறமூட்டி, பதப்படுத்தி, சில மசாலா, தக்காளி மாதிரி சிலதை விலக்கற உணவுமுறையை வெளிநாட்டுல பார்த்திருக்காங்க, சிலருக்குக் குறைஞ்சிருக்கு. ஆனா அதுல பலதுல ஒப்பிட்டுப் பார்க்க எதிர் அணியே கிடையாது. இருக்கணும்னா 3 வாரம் இருங்க, மாத்திரையை நிறுத்தாம. தினமும் ராத்திரி நோட்டுல தடிப்புக்கு 0-ல இருந்து 3, அரிப்புக்கு 0-ல இருந்து 3 மார்க் போடுங்க. வாரத்துக்கு 42-க்கு எவ்வளவுன்னு கூட்டிப் பாருங்க. குறையலையா, பழையபடி அரிசிம்பருப்புச் சோறும் கத்தரிக்காயும். அருகம்புல் சாறை ஒழுங்கா ஒப்பிட்டு ஆய்வு பண்ணிக் காட்டட்டும், நானே எழுதிக் குடுக்கறேன். பேர் போடாத பொட்டல சூரணம் மட்டும் வேண்டாம். அதுலயும் ஸ்டீராய்டு கலந்து மாட்டியிருக்கு.

ஈரோடு: அக்குபஞ்சர்?

2023-ல சீனாவுல 330 பேரை வச்சுப் பார்த்தாங்க. நிஜமாக் குத்தினவங்களுக்குப் போலியாக் குத்தினவங்களை விடக் கொஞ்சம் குறைஞ்சது. நோயாளி உணர்ற அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை.

அவிநாசி: நம்ம ரத்தத்தையே எடுத்து நமக்கே ஊசி போடறாங்களே?

ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப போலி ஊசியை மிஞ்சலை. காசு மிச்சம்.

கரூர்: நாலு மடங்கு மாத்திரையும் கேட்கலைங்க. நீங்க சொன்ன அந்த ஊசி போடலாமா? விலையைக் கேட்டா மயக்கம் வருது.

போடலாம். 4 வாரத்துக்கு ஒரு தடவை 300 மில்லிகிராம், தோலுக்கடியில. சிலருக்கு முதல் வாரத்துலயே அடங்கும், சிலருக்கு மாசக்கணக்காகும், அதனால ஒரு ஊசியோட தீர்ப்பு எழுதாதீங்க. கட்டுப்படியாகலைன்னா எதிர்ப்புச் சக்தியை அடக்கற சைக்ளோஸ்போரின் இருக்கு, பிரஷரும் கிட்னியும் விடாமப் பார்த்துக்கிட்டே குடுக்கணும். டுபிலுமாப் ஊசிக்கும் ரெமிப்ரூட்டினிப் மாத்திரைக்கும் அமெரிக்காவுல 2025-ல இந்த நோய்க்கு அனுமதி கிடைச்சிருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு: மூட்டு வலி, தலைவலின்னு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன், ஆஸ்பிரின் எதாச்சும் போடறீங்களா? பலருக்கு இது தடிப்பைக் கிளப்பி விடும். டாக்டர் எழுதினதா இருந்தா அவரைக் கேட்டு மாத்துங்க. பிரஷருக்கு ராமிப்ரில், எனலாப்ரில் போட்டு உதடு வீங்கினாலும் உடனே சொல்லணும்.

சத்தியமங்கலம்: கருவாடு சாப்பிடலாங்களா?

பவானி: கத்தரிக்காய்?

தாராபுரம்: டாக்டரம்மா, கத்தரிக்காய் பத்தி சொல்லவே இல்லையே?

மேல ஆசிரியருக்குச் சொன்னதைப் படிங்க. மூணு பேரும்.

நாமக்கல்: முகப்பருவுக்கு என்ன போடலாம்?

இன்னொரு நாள்.

மேட்டுப்பாளையம்: பையனுக்கு 12 வயசு. பச்சைத் தண்ணியில குளிச்சா உடம்பெல்லாம் தடிக்குது. லீவுக்கு ஊருக்குப் போனா பசங்களோட கிணத்துல குதிக்கிறான். போன வாரம் மேல ஏறி வந்ததும் தலை சுத்துதுன்னு உக்காந்துட்டான்.

மத்த எல்லாரையும் விட நீங்கதான் முதல்ல டாக்டரைப் பார்க்கணும். இது குளிர்னால வர்ற வகை மாதிரி இருக்கு. ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில சுத்தி முழங்கைக்குக் கீழே 5 நிமிசம் வச்சு எடுத்து, 10 நிமிசம் கழிச்சுப் பார்ப்போம். அந்த இடம் மட்டும் தடிச்சு நின்னா உறுதி. இதை ஆஸ்பத்திரியில வச்சுத்தான் பார்க்கணும், வீட்டுல வேண்டாம். முழு உடம்பும் ஒரே சமயத்துல குளிர்ந்தா மொத்த ஹிஸ்டமினும் கொட்டி பிரஷர் விழுந்துடும், தண்ணிக்குள்ளயே மயங்கிடுவான். நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனமில்லை. பரிசோதனை முடியற வரைக்கும் கிணறு, வாய்க்கால், பவானி ஆறு எதுவும் கூடாது. வெந்நீர்ல குளிக்கட்டும். ஐஸ்கிரீமும் வேண்டாம், தொண்டை வீங்கும். மூச்சுத் திணறினா, குரல் மாறினா, மயங்கினா 108-ஐக் கூப்பிடுங்க. அட்ரினலின் ஊசிதான் அப்போ வேலை செய்யும், வீட்டுல இருக்கிற செட்ரிசினைக் குடுத்துட்டுக் காத்திருக்காதீங்க. அவன்கூடக் கிணத்துக்குப் போற பசங்ககிட்டயும் இன்னைக்கே சொல்லி வையுங்க.