லினக்ஸ் கர்னலில் வேலை செய்ய எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

சி மொழி ஓரளவு தெரியும், லினக்ஸ் கர்னலுக்குள் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கை வைக்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கர்னல் சோர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். கோடிக்கணக்கான வரிகள், மூன்று மாதம் போனதுதான் மிச்சம்.

முதலில் சின்னதாக ஒரு ஷெல் எழுதுங்கள், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம். ஃபோர்க், எக்ஸெக், வெயிட், பைப், டப்2 (dup2) என்ற சிஸ்டம் கால்கள், அதாவது கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள், இவ்வளவு போதும். எனக்கு 'எல்எஸ் | டபிள்யூசி' (எல்எஸ் தரும் ஃபைல் பட்டியலை பைப் வழியாக டபிள்யூசிக்கு அனுப்பி எண்ணச் சொல்லும் கட்டளை) கொடுத்தால் அப்படியே தொங்கி நின்றது, இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் எஸ்ட்ரேஸ் (ஒரு புரோகிராம் செய்யும் சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தால் டபிள்யூசி ரீட் காலில் உட்கார்ந்திருக்கிறது, திரும்பவே இல்லை. பைப்பின் எழுதும் முனையை யாராவது ஒருவர் திறந்து வைத்திருக்கும் வரை படிப்பவருக்கு ஃபைல் முடிந்ததாகத் தகவல் வராது. என் ஷெல்லே அந்த முனையை மூடாமல் வைத்திருந்தது. ஒரே ஒரு குளோஸ் வரி சேர்த்தேன், ஓடியது. ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் ஃபைலுக்கோ பைப் முனைக்கோ கர்னல் தரும் எண்) என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் புரிந்தது அன்றைக்குத்தான்.

எஸ்ட்ரேஸைத் தினமும் பயன்படுத்துங்கள். வெறும் எல்எஸ்ஸுக்கே போட்டுப் பாருங்கள், எக்ஸெக்வீயில் ஆரம்பித்து, லைப்ரரிகளைத் திறந்து, கெட்டென்ட்ஸ்64 மூலம் டைரக்டரியைப் படித்து, ரைட்டில் திரைக்கு அனுப்புவது வரை வரிசையாகக் காட்டும்.

அப்புறம் எக்ஸ்வி6. எம்ஐடியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக, பழைய யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை ஒட்டி எழுதிய குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டம். சில ஆயிரம் வரிகள்தான், முழுவதையும் ஒரு ஆள் படித்து முடித்துவிடலாம், க்யூஎமுவில் (கணினிக்குள் இன்னொரு கணினி போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டலாம். புது ப்ராசஸை உருவாக்கும் ஃபோர்க், அந்தப் புது ப்ராசஸான சைல்டுக்கு மட்டும் எப்படி 0 திருப்புகிறது என்பது எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. எக்ஸ்வி6-இன் ரிஸ்க்-வி வகை ப்ராசஸருக்கான பதிப்பில் சிஸ்டம் காலின் எண் ஏ7 ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) போகிறது, விடை ஏ0-வில் வருகிறது. ஃபோர்க்குக்குள் புது ப்ராசஸுக்காகச் சேமித்து வைத்த ஏ0-வில் 0 எழுதும் ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நீங்களே புதிதாக ஒரு சிஸ்டம் காலும் சேர்த்துப் பாருங்கள், ஒரு சாயங்கால வேலைதான்.

இதற்குப் பிறகு லினக்ஸ் மாட்யூல் (ஓடும் கர்னலோடு சேர்க்கக்கூடிய துண்டு நிரல்) எழுதலாம். சரி, ஆனால் உங்கள் சொந்தக் கணினியில் வேண்டாம், க்யூஎமுவில் ஓட்டுங்கள், ஏனென்றால் கர்னலுக்குள் ஒரு பாயிண்டர் தப்பினால் மொத்த சிஸ்டமும் விழுந்துவிடலாம். பிரிண்ட்கே போட்டுச் செய்தி எழுதி, அதைக் கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் பார்த்துப் பழகுங்கள். பேட்ச் (கர்னலுக்கு நீங்கள் எழுதிய திருத்தம்) அனுப்பும் நிலைக்கு வந்ததும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பிழைகளைத் திருத்திவிட்டு, யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட்டிடம் கேட்டு, மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் வர ஓரிரு வாரம்கூட ஆகலாம், அதற்குள் அடுத்த பேட்ச்சை ஆரம்பித்துவிடுங்கள்.