பெர்லினின் ராத்திரி

அன்புள்ள ஐயா,

நவம்பர் 7 முதல் 11 வரை அலுவலக வேலையாக பெர்லின் போகிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஆறரைக்குத்தான் விடுவார்கள். ஊர் பார்க்க எனக்கு மிஞ்சுவது ராத்திரி மட்டும்தான். அதற்குள் மியூசியங்கள் எல்லாம் மூடிவிடும். ஏற்கெனவே போய்வந்தவர்கள், "அங்கே ராத்திரி என்றால் கிளப்பும் பாரும்தான். வேண்டாம் என்றால் ரூமில் படுத்துத் தூங்கு" என்கிறார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. நடப்பது பிடிக்கும். தனியாகப் போகிற பெண் நான். ராத்திரியில் நடந்து பார்க்க அந்த ஊரில் ஏதாவது இருக்கிறதா? அல்லது லீவு போட்டு இன்னொரு தடவை பகலில் பார்த்துக்கொள்வதுதான் நல்லதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இன்னொரு தடவைக்குத் தள்ளிப்போடாதீர்கள். பெர்லினை ராத்திரியில்தான் நடந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த ஊரின் தலையெழுத்தை மாற்றிய சம்பவங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை இருட்டிய பிறகு நடந்தவை. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பதவியேற்றதைக் கொண்டாடி, தீப்பந்தங்களோடு பிராண்டன்பர்க் வாயில் வழியாக ஊர்வலம் போனது இரவில். அடுத்த மாதம் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததும், மே 10 அன்று புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தியதும் இரவில்தான். 1938 நவம்பர் 9 இரவு யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் சூறையாடப்பட்டன. 1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு தாண்டி ஊர் தூங்கும்போதுதான் கிழக்கு பெர்லினுக்கும் மேற்கு பெர்லினுக்கும் நடுவே முள்கம்பி இழுத்தார்கள். அது சுவராகி 28 வருடம் நின்று, 1989 நவம்பர் 9 அன்று திறந்ததும் ராத்திரியில்தான். பகலில் போனால் உங்களுக்குக் கட்டடங்கள் தெரியும். அவற்றில் பாதிக்கு மேல் போருக்குப் பிறகு எடுத்துக் கட்டியவை. நடந்தது எந்த நேரத்தில் நடந்ததோ அந்த நேரத்தில் அந்தத் தெருவில் நிற்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நீங்கள் போகிற தேதியைக் கவனித்தீர்களா? 9ஆம் தேதி நடுவில் வருகிறது. அந்த ராத்திரியை வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள். நவம்பரில் அங்கே நாலே காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மீட்டிங் முடிந்து நீங்கள் வெளியே வரும்போது நல்ல இருட்டு.

முதல் ராத்திரிக்கு பிராண்டன்பர்க் வாயிலில் ஆரம்பியுங்கள். பக்கத்திலேயே, கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. 2711 கான்கிரீட் பாளங்கள். 2005இல் திறந்தார்கள். வேலியும் கதவும் கிடையாது, எந்நேரமும் போகலாம். நடுப்பகுதியில் தரை இறங்க இறங்க, பாளங்கள் தலைக்கு மேலே உயர்ந்துவிடும். ராத்திரியில் தனியாக உள்ளே வெகுதூரம் போக வேண்டாம். ஓரமாகவே ஒரு சுற்று வந்தால் போதும்.

அங்கிருந்து உன்டர் டென் லிண்டன் சாலையில் கிழக்கே நேராக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வலதுபுறம் பேபல் பிளாட்ஸ். ஓபரா ஒரு பக்கம், சாலைக்கு எதிரே ஹம்போல்ட் பல்கலைக்கழகம், நடுவே கல் பாவிய வெற்றுச் சதுக்கம். 1933இல் புத்தகங்களை எரித்தது இங்கேதான். கொளுத்தியவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். சதுக்கத்தின் நடுவில், தரையோடு தரையாக ஒரு சதுரக் கண்ணாடி பதித்திருக்கும். பகலில் போனவர்கள் பலரும் அதில் ஆகாயத்தையும் தங்கள் முகத்தையும்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். ராத்திரியில் கீழிருந்து வெளிச்சம் வரும். குனிந்து பாருங்கள். தரைக்கு அடியில் சுமார் 5 மீட்டர் ஆழத்துக்கு வெள்ளை அறை. நாலு சுவரிலும் மேலிருந்து கீழ்வரை புத்தக அலமாரி. ஒரு புத்தகம் கிடையாது. அங்கே எரிக்கப்பட்ட ஏறக்குறைய 20,000 புத்தகங்களை அடுக்கும் அளவுக்கு இடம். கதவில்லை, படியில்லை, யாரும் இறங்க முடியாது. இஸ்ரேலியச் சிற்பி மிக்கா உல்மன் 1995இல் செய்தது. உலகத்தில் நான் பார்த்த நினைவுச்சின்னங்களில் இதற்கு மேல் ஒன்றை வைக்க எனக்கு மனம் வராது. கனமான சிலையோ தூணோ இல்லாமல், இல்லாததை வைத்தே இழந்ததைச் சொல்லிவிட்டார் அந்த மனிதர்.

இனி 9ஆம் தேதி. ஹாக்கெஷர் மார்க்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, குரோஸ ஹாம்பர்கர் தெருவுக்குள் நுழையுங்கள். போருக்கு முன் யூதக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த பகுதி. வீட்டு வாசல்களுக்கு முன்னால் நடைபாதையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளை முகப்போடு சின்னச் சின்னக் கற்கள் பதித்திருக்கும். ஸ்டோல்பர்ஸ்டைன் என்று பெயர். குன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது. பெர்லினில் முதல் கற்களை 1996இல் கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் அனுமதி வாங்காமலே பதித்தார். இன்று ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. 'இங்கே வசித்தார்' என்று முதல் வரி. அடுத்து பெயர், பிறந்த வருடம், பிடித்துக்கொண்டுபோன தேதி, கொல்லப்பட்ட இடம். ஒரு குடும்பத்தில் நாலு பேர் என்றால் நாலு கல் பக்கத்தில் பக்கத்தில். பிறந்த வருடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சில கற்களில் நாலு வயது, ஆறு வயது வரும். நின்றபடி படிக்க முடியாது, குனிந்துதான் ஆக வேண்டும். நவம்பர் 9 அன்று அக்கம்பக்கத்தார் இந்தக் கற்களைத் தேய்த்துத் துலக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைப்பார்கள். மற்ற நாட்களில் மங்கிக் கிடக்கிற பித்தளை அன்றைக்கு எதிர்சாரியில் போகிறவர் கண்ணிலும் படும். அமைப்பாகச் செய்பவர்கள் உண்டு. தன் வீட்டு வாசல் கல்லை மட்டும் துலக்கிவிட்டு உள்ளே போகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன்.

பக்கத்துத் தெருவில் பொன்முலாம் பூசிய குவிமாடத்தோடு 'புதிய தொழுகைக்கூடம்' என்ற பெயருள்ள யூதக் கோயில் நிற்கிறது. 1866இல் திறந்தது. 1938இல் அதே ராத்திரி அதற்கும் தீ வைத்தார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று சொல்லி அந்தப் பேட்டைப் போலீஸார் கும்பலை விரட்டிவிட்டுத் தீயணைப்பு வண்டியை வரவழைத்தார்கள். தப்பித்த கட்டடத்தைப் பிறகு 1943இல் குண்டு வந்து இடித்தது வேறு கதை. வாசலில் இன்றைக்கும் போலீஸ் காவல் உண்டு.

அங்கிருந்து வடக்கே இருபது நிமிட நடையில் பெர்னாவர் தெரு. எல்லை பிரித்தபோது தெருவின் ஒரு சாரி வீடுகள் கிழக்கு, அவற்றின் வாசல் நடைபாதை மேற்கு. கீழ்வாசல்களை அடைத்ததும் ஜனங்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஈடா ஸீக்மன் என்ற பெண் 1961 ஆகஸ்ட் 22 அன்று மெத்தை, போர்வைகளைக் கீழே எறிந்துவிட்டு மாடி ஜன்னலிலிருந்து குதித்து இறந்தார். மறுநாள் அவருக்குப் பிறந்தநாள். சுவரால் விழுந்த முதல் உயிர் அது. சுவர் போன வழியில் இப்போது துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். கம்பிகளுக்கு நடுவே ஆள் நுழைந்து போகலாம். ஒரு தடவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் வாருங்கள். செக்பாயிண்ட் சார்லி என்ற பழைய எல்லைச் சாவடிக்கு மட்டும் நேரம் செலவழிக்க வேண்டாம். அங்கே நிற்கிற காவல்கூண்டு பின்னாளில் செய்து வைத்த மாதிரி.

கடைசியாக போர்ன்ஹோல்மர் தெருப் பாலம். கால் தாங்கினால் ஷோன்ஹவுசர் அலீ வழியாக நடந்தே போங்கள், இல்லாவிட்டால் டிராமில் ஏறிவிடுங்கள். 1989இல் அந்த மாலை, கிழக்கு ஜெர்மனிக் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி டிவியில் நேரடியாகப் பேசும்போது, வெளிநாடு போகப் புதிய விதி, எனக்குத் தெரிந்து உடனே அமல் என்று சொல்லிவிட்டார். ஜனம் இந்தப் பாலத்தில் இருந்த எல்லைச் சோதனைச்சாவடிக்குத் திரண்டது. அங்கே பொறுப்பில் இருந்தவர் ஹரால்ட் யேகர். மேலிடத்துக்கு மாற்றி மாற்றி போன் போட்டும் தெளிவான உத்தரவு வரவில்லை. அதிகமாகச் சத்தம் போடுகிறவர்களை மட்டும் விடு, அடையாள அட்டையில் போட்டோ மேலேயே முத்திரை குத்து என்று ஒரு யோசனை வந்தது. போட்டோ மேல் முத்திரை விழுந்தால் அவர் திரும்பி வர முடியாது. சும்மா அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, வீட்டில் தூங்குகிற பிள்ளையிடம் திரும்பி வந்த இளம் தம்பதியையும் தடுத்தார்கள். அழுதார்கள். யேகர் அவர்களை உள்ளே விட்டார். பதினொன்றரை வாக்கில், நெரிசலில் யாராவது நசுங்கிச் சாவார்கள் என்ற நிலை வந்தபோது, தன் பொறுப்பிலேயே கதவைத் திறக்கச் சொன்னார். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. மடை திறந்த மாதிரி ஜனம் அந்த இரும்புப் பாலத்தின் மேல் நடந்து போனது. பெர்லின் கண்ட மிகப் பெரிய ராத்திரி நடை அதுதான். முடிந்தால் நீங்களும் பதினொன்றரைக்கு அந்தப் பாலத்தில் இருங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். நான் சொன்ன தெருக்களில் விளக்கும் டிராமும் ஆள் நடமாட்டமும் உண்டு. பூங்காக்களுக்குள் மட்டும் போகாதீர்கள். டியர்கார்டனானாலும் மவுவர் பார்க்கானாலும் தெருவழியே சுற்றிப் போங்கள். மூலைக்கு மூலை ஸ்பேட்டி என்ற கடைகள் பின்னிரவு வரை திறந்திருக்கும். யாராவது பின்தொடர்கிறமாதிரி தோன்றினால் உள்ளே போய் நின்றுவிடலாம். அவசரத்துக்கு 110 அல்லது 112. நடைபாதையில் சைக்கிளுக்கென்று சிவப்பாகத் தனிப் பாதை இருக்கும், அதில் நடக்காதீர்கள், வேகமாக வருவார்கள். அடி கனமான ஷூ, கையுறை, காதை மூடுகிற குல்லா அவசியம்.

பாலத்துக்குக் கீழேயே போர்ன்ஹோல்மர் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே ஏறினால் ஊருக்கு நடுவில் கொண்டுபோய் விடும். வெள்ளி, சனி ராத்திரிகளில் ரயில் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் பின்னிரவில் சில மணி நேரம் பஸ்ஸும் டிராமும் மட்டும்தான். இன்னொன்று, நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடம் நள்ளிரவு வரை திறந்திருக்கும். கட்டணம் இல்லை, ஆனால் முன்கூட்டியே பதிய வேண்டும். சீக்கிரம் இடம் நிரம்பிவிடும். டிக்கெட் போட்ட கையோடு அதையும் பதிந்துவிடுங்கள்.