மேகத்தை யார் பிடித்து நிறுத்தினார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருக்கிறேன். ஃபெஞ்சல் புயல் போய் இத்தனை நாளாகியும் கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பேச்சை விடவில்லை. "இயற்கையான மழை ஒரே இடத்தில் அப்படி நிற்குமா? புதுச்சேரி மேல் யாரோ பிடித்து நிறுத்தி வைத்தார்கள்" என்கிறார்கள். புயலுக்கு முன்னால் வானத்தில் வெள்ளைக் கோடுகள் தெரிந்ததாகப் படங்கள் சுற்றுகின்றன. ரேடார் படத்தில் வட்டம் வட்டமாகத் தெரிவதைக் காட்டி, அலாஸ்காவில் இருந்து அலை அனுப்பினார்கள் என்று ஒருவர் சாதிக்கிறார். துபாயில் மேகத்துக்கு மருந்தடித்துதான் வெள்ளம் வந்தது என்பது இன்னொருவர் கட்சி. புயலாக மாறாது என்று முதலில் சொன்னார்கள், பிறகு மாறியது. இதுவும் திட்டமிட்டதுதானா? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விளக்கினால் நன்றாக இருக்கும்.

— ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊர்க் கணக்கிலிருந்தே தொடங்கலாம். கடலூரில் ஒரே நாளில் பெய்த மழையில் இன்றுவரை பெரியது 1943 மே 18-ஆம் தேதிக் கணக்கில் பதிவான 57 செ.மீ. அது ஃபெஞ்சலில் புதுச்சேரி வாங்கிய மழையைவிட அதிகம். அதுவும் மே மாதத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு ஐந்து மாதம் முன்னால். இன்றைக்குள்ள மேக விதைப்பு, அதாவது மேகத்தில் எதையாவது தூவி மழையாக்கும் முயற்சி, தொடங்கியது 1946-இல், அமெரிக்காவில். அந்த ஆண்டு நவம்பரில் வின்சென்ட் ஷேஃபர் விமானத்தில் போய் உலர்பனியைத் தூவினார். வெள்ளி அயோடைடு பனித்துகளை உண்டாக்கும் என்று பெர்னார்ட் வானெகட் கண்டதும் அதே மாதம்தான். கடலூர் அதற்கு மூன்றரை வருடம் முன்பே 57 செ.மீ. வாங்கிவிட்டது. கடையில் யாராவது "இயற்கையாக இப்படிப் பெய்யுமா" என்றால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள், பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. மறுநாள் காலை 8.30-க்கு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரி நகரில் 48 செ.மீ.யை ஒட்டிய மழை. அவ்வளவும் புதுச்சேரிப் பகுதியின் ஏறக்குறைய 290 சதுர கி.மீ. முழுவதும் பெய்ததாக வைத்துக்கொள்வோம். (எல்லா இடத்திலும் அதே அளவு பெய்திருக்காது, கணக்குக்காகச் சொல்கிறேன்.) ஒரு சதுர கி.மீ.யில் ஒரு செ.மீ. மழை என்றால் பத்தாயிரம் டன் தண்ணீர். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 14 கோடி டன், அதாவது 5 டிஎம்சி. வீராணம் ஏரி நிறைந்தால் ஒன்றரை டிஎம்சிக்குச் சற்றுக் குறைவு. மூன்று வீராணத்துக்கு மேல் ஒரே நாளில் கொட்டியிருக்கிறது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புயல் நேரத்தில் நம் தலைக்கு மேல் தரையிலிருந்து உச்சிவரை உள்ள காற்றின் நீராவி முழுவதையும் துணி பிழிவதுபோலப் பிழிந்தாலும் 6, 7 செ.மீ. மழைக்குத்தான் காணும். 48 செ.மீ. பெய்ய வேண்டுமென்றால் தலைக்கு மேலுள்ள காற்று ஏழு தடவைக்கு மேல் காலியாகி, ஏழு தடவைக்கு மேல் கடலிலிருந்து புதிதாக நிரம்ப வேண்டும். நிரப்புகிற வேலையைச் செய்வது வங்கக் கடலின் சூடும், சுழன்று உள்ளே இழுக்கும் காற்றும். மேகத்தில் தூவுகிற எந்தப் பொடியும் ஒரு சொட்டு நீராவியை உண்டாக்குவதில்லை. இருக்கிற நீராவியையோ மேகத்துளியையோ கொஞ்சம் சீக்கிரம் கீழே இறக்கலாம், அவ்வளவுதான். இன்னொரு கணக்கும் உண்டு. அந்த 14 கோடி டன் நீராவி தண்ணீராக மாறும்போது வெளியான வெப்பம், ஆயிரம் மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று பதினோரு வருடம் நிறுத்தாமல் ஓடித் தரும் மின்சாரத்துக்குச் சமம். அதை ஏவுவதற்கு ஒரு விசை வைத்திருக்கிறவர் அதைக் கொண்டு புதுச்சேரியை நனைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அப்படியானால் மேக விதைப்பு என்பதே பொய்யா என்றால், இல்லை. நடக்கிற காரியம்தான், ஆனால் சின்னக் காரியம். விமானத்தின் இறக்கையில் குழல் குழலாகப் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெள்ளி அயோடைடு அல்லது கால்சியம் குளோரைடு போன்ற உப்பு இருக்கும். ஏற்கெனவே திரண்டு, உள்ளே காற்று மேலேறிக்கொண்டிருக்கிற மேகமாகப் பார்த்துப் போக வேண்டும். உப்பு என்றால் மேகத்தின் அடிப்பக்கம், காற்று மேலேறும் இடத்தில் கொளுத்துவார்கள். உப்புத்துகள் ஈரத்தை உறிஞ்சிப் பெருந்துளியாகி மற்றத் துளிகளைச் சேர்த்துக்கொண்டு விழும். வெள்ளி அயோடைடு என்றால் மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே, உறையாமல் மிதக்கிற நீர்த்துளி வேண்டும். நம் பக்கம் அந்தக் குளிர் ஐந்து கி.மீ. உயரத்துக்கு மேல்தான். மேகம் வளர்ச்சி நின்று கரையத் தொடங்கிவிட்டால் மருந்து வீண். தவறான நேரத்தில் அளவுக்கு மேல் கொளுத்தினால் துகள்கள் அதிகமாகி ஈரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். எதுவும் விழுகிற அளவுக்குப் பெருக்காது, மழை குறையும்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் சோலாப்பூரில் செய்த சோதனை நாட்டில் நடந்ததிலேயே ஒழுங்கானது. 2023-இல் முடிவுகள் வந்தன. ஒரு சில இடங்களில் 46 விழுக்காடுவரை கூடுதல், நூறு சதுர கி.மீ. பரப்புக்குச் சராசரியாக 18 விழுக்காடு. அதுவும் மழை தரத் தகுதியான மேகத்தில். 2025 அக்டோபர் 28-இல் தில்லியில் கான்பூர் ஐஐடி குழு காற்றுமாசைக் கழுவ விமானம் ஏற்றியது. மேகத்தில் ஈரம் 15, 20 விழுக்காடுதான், நகரம் நனையவில்லை. அரசே பணம் கொடுத்து, பகிரங்கமாக அறிவித்துச் செய்த காரியம் இது. துபாயைப் பற்றிய பேச்சுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. 2024 ஏப்ரல் 16-இல், துபாய் உள்ள ஐக்கிய அரபு அமீரகத்தில், அல் ஐன் பக்கம் ஒரு நாளில் 25 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த நாட்டில் மேக விதைப்பு வழக்கமாக நடப்பது உண்மை. ஆனால் அந்த மழையைக் கொண்டுவந்த பெரிய புயல் தொகுதியை நாட்கணக்கில் முன்கூட்டியே கணினி மாதிரிகள் காட்டின. மாதிரிக்கு விமானம் பறக்குமா என்பது தெரியாது.

புயலையே கையாள முயன்ற வரலாறு ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது அதுதான். அமெரிக்கா 1962 முதல் 1983 வரை 'ஸ்டார்ம்ஃப்யூரி' என்ற திட்டத்தை நடத்தியது. புயலின் கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவருக்கு வெளியே வெள்ளி அயோடைடைத் தூவினால் அங்கே புதுச் சுவர் எழும், பழையது தளரும், காற்று குறையும் என்பது எண்ணம். 1969 ஆகஸ்டில் டெபி என்ற புயலில் தூவினார்கள். காற்று சுமார் 30 விழுக்காடு குறைந்தது. கொண்டாடினார்கள். பிறகுதான் வேறு புயல்களைக் கூர்ந்து பார்த்தார்கள். யாரும் எதையும் தூவாத புயல்களிலும் வெளியே புதுச் சுவர் எழுகிறது, பழையது கரைகிறது, காற்று குறைந்து மறுபடி ஏறுகிறது. புயல் தானாகவே செய்கிற வேலையைத் தாங்கள் செய்ததாக நினைத்துவிட்டார்கள். தவிர, புயல் மேகத்தில் இயல்பாகவே பனித்துகள் மண்டிக் கிடக்கிறது, உறையாத நீர் மிகக் குறைவு. வெள்ளி அயோடைடுக்கு அங்கே வேலையே இல்லை. திட்டத்தை மூடினார்கள். புயலைக் கையாண்டதாக நம்புவதில் விஞ்ஞானிகளுக்கும் உங்கள் கடை வாடிக்கையாளர்களுக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

சந்தேகப்படுகிறவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வியட்நாம் போரில் 1967 முதல் 1972 வரை எதிரியின் பாதையைச் சேறாக்க அமெரிக்க விமானங்கள் ரகசியமாக 2,600 தடவை பறந்து மேகத்தில் தூவின. வெளியே தெரிந்ததும் பெரிய சண்டையானது. வானிலையைப் போர்க்கருவியாக்கக் கூடாது என்ற உடன்படிக்கை 1977-இல் ஜெனீவாவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. அதுவும் ஒரு மே 18, வெறும் தற்செயல். இதையும் சதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளைக் கோடுகளுக்கு வருகிறேன். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் பக்கம் போகும் விமானங்கள் நம் கரையோரத்தில் 10, 12 கி.மீ. உயரத்தில் பறக்கின்றன. அங்கே குளிர் மைனஸ் 40-ஐ ஒட்டி இருக்கும். எஞ்சின் புகையிலுள்ள நீராவி உடனே உறைந்து கோடாகிறது. அடுத்த முறை உற்றுப் பாருங்கள்: விமானத்துக்கும் கோட்டின் தொடக்கத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும், எத்தனை எஞ்சினோ அத்தனை கோடு கிளம்பும். மேலே காற்று வறண்டிருந்தால் கோடு சில நொடியில் அழியும், ஈரமாக இருந்தால் அகன்று மணிக்கணக்கில் கிடக்கும். புயல் சின்னம் நெருங்கும்போது அதன் முன்னோடியாக உயரத்து ஈரம்தான் முதலில் வரும். புயலுக்கு முன்னால் கோடுகள் நிலைப்பதற்குக் காரணம் அதுவே. கோட்டால் மழை வரவில்லை, மழையைக் கொண்டுவந்த ஈரம்தான் கோட்டையும் காட்டியது. நீல வானத்தில் மேக விதைப்புக்கு வேலையும் கிடையாது. உண்மையாகவே விதைக்கிற விமானம் மேகத்தின் அடியிலோ உள்ளேயோ இருக்கும், நீல வானத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்காது.

ரேடார் வட்டம் எளிது. மேகத்திலிருந்து விழும் பனி உருகத் தொடங்குகிற ஐந்து கி.மீ. உயரத்தில், ஈரம் பூசிய பனித்துகள் அலையை அதிகமாகத் திருப்பி அனுப்பும். சாய்வாகச் சுற்றுகிற ரேடார் அந்த உயரத்தை எல்லாத் திசையிலும் ஒரே தூரத்தில் தொடுவதால் படத்தில் வளையம் விழுகிறது. ரேடாருக்கு நேர் மேலே அது பார்க்காது, நடுவில் ஓட்டை தெரியும். காலையிலோ மாலையிலோ சூரியனை நோக்கித் திரும்பும்போது ஒரு நேர்க்கோடும் விழும்.

அலாஸ்காவில் வானொலி அலை அனுப்பி மேல்வானத்தை ஆராய்கிற ஹார்ப் நிலையம் 180 ஆண்டெனாக்கள் கொண்டது, மொத்தத் திறன் 3.6 மெகாவாட். அது தொடுவது எண்பது கி.மீ.க்கு மேலுள்ள அடுக்கை. நம் மேகங்கள் பதினாறு, பதினேழு கி.மீ.யில் முடிந்துவிடுகின்றன. மேலே சொன்ன மின்நிலையக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

புயல் ஏன் நின்றது? புயல் தானாக நடப்பதில்லை. சுற்றியுள்ள பெருங்காற்று ஓட்டம்தான் அதை ஓட்டுகிறது. இரண்டு பக்கமும் உயரழுத்தம் சமமாக இழுத்தால் ஓட்டம் செத்துவிடும், புயல் நின்ற இடத்தில் சுற்றும். ஃபெஞ்சல் கரையேறிய பிறகு மறுநாள் காலைவரை கிட்டத்தட்ட அசையவில்லை. ஓட்டம் செத்த நேரத்தில் கணிப்பதும் கடினம். சாதாரணமாகவே 24 மணி நேரத்துக்கு முன் சொல்லும் இடத்தில் சராசரி 70, 80 கி.மீ. பிசகும். புதுச்சேரியிலிருந்து தெற்கே அந்தத் தூரம் சிதம்பரத்தைத் தாண்டும், வடக்கே கல்பாக்கத்தைத் தொடும். மழைத்திரட்சியின் அகலமோ அதைவிடச் சிறியது. கணிப்பில் பிசகு இயல்பு. ஆகவே "புயலாக மாறாது" என்று சொன்னது மாறியதில் சதி ஒன்றுமில்லை. தொலைக்காட்சிகள் நிகழ்தகவைச் சொல்லாமல் உறுதியாகச் சொல்லியிருந்தால் அதில் குற்றம் உண்டு.

மழையின் இயல்பான ஏற்ற இறக்கமும் நமக்குப் பழகியிருக்க வேண்டும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. அடுத்த வருடம் 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைவு. இடையில் யாரும் எதையும் மாற்றிவைக்கவில்லை, பசிபிக் பெருங்கடலின் சூடும் இந்தியப் பெருங்கடலின் சூடும் இடம் மாறின. மனிதக் கை இதில் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். அந்தக் கை புகைபோக்கியில் இருக்கிறது, விமானத்தில் இல்லை.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் தரையில்தான் இருக்கின்றன. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் விடப்பட்டது. கடலூர் கரையோர ஊர்கள் மூழ்கியது அந்தத் தண்ணீரில். எந்த மணிக்கு எத்தனை கன அடி திறந்தார்கள், முதல் நாளே கொஞ்சம் கொஞ்சமாக ஏன் விடவில்லை, எச்சரிக்கை எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வந்தது என்பதற்கெல்லாம் ஏடு உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். புதுச்சேரியில் ரெயின்போ நகர் ஒவ்வொரு மழைக்கும் ஏன் மூழ்குகிறது, வாய்க்கால் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது என்றும் கேட்கலாம். வானத்தைக் குற்றம் சொன்னால் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு ரொம்ப வசதி.

கடையிலேயே ஒரு மழைமானி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குல பிவிசி குழாயில் 15 செ.மீ. உயரத் துண்டு ஒன்றை, அதே அகலமுள்ள புனலின் மேல் ஒட்டுங்கள். வெறும் புனல் என்றால் பெருமழையில் தெறித்துப் போகும். உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 15.2 செ.மீ. என்றால் 7.6 × 7.6 × 3.14 = 181 சதுர செ.மீ. அதாவது ஒரு மி.மீ. மழைக்கு 18 மி.லி. தண்ணீர். புனலை 20 லிட்டர் தண்ணீர் கேன் வாயில் செருகி, இடுக்கை எம்சீல் வைத்து அடையுங்கள். அடைக்காவிட்டால் குழாயின் வெளிப்புறத்தில் வழிகிற தண்ணீரும் உள்ளே போய்க் கணக்கைக் கெடுக்கும். பக்கத்துச் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்கு தூரம் தள்ளி, தரையில் கட்டி வையுங்கள். மொட்டை மாடி வேண்டாம், அங்கே காற்று சுழன்று மழையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். தினமும் காலை 8.30-க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுங்கள். வானிலை மையமும் அப்படித்தான் எழுதுகிறது. நவம்பர் 30 பெய்தது டிசம்பர் 1 கணக்கில் வருவதைப் பார்த்து, தேதியை மாற்றிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் அதற்கும் இதுதான் பதில். இரண்டு லிட்டர் பாட்டில் மட்டும் வைக்காதீர்கள். 11 செ.மீ.யிலேயே நிரம்பி வழிந்துவிடும், உங்கள் ஊருக்கு அது போதாது.